ஓரம் ரோவினாவுக்கு

பிப்ரவரி 12, திங்கள். 1ஆம் நாள்

உண்டது: சாமை இட்லி, கால் துண்டு. தேங்காய்ப்பால், ஒரு வாய் (துப்பிவிட்டாள்).
நடத்தை: அழுகை. கையைக் கடித்தல், நான்கு முறை.
மீறல்: இல்லை.

மேலே உள்ள மூன்று வரி தாரணி மேடத்துக்கு. தினமும் அதை மட்டும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்குக் கீழே எழுதுவது எனக்கு. நோட்டு அவர்கள் கொடுத்ததுதான், ஆனால் பக்கத்தில் இடம் மிச்சம் இருக்கிறது, எனக்கு வாயும் மிச்சம் இருக்கிறது.

ரோவினாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். அவள் சாப்பிடுவது நாலே நாலு பொருள்: பன், பால், தயிர்சோறு, ரஸ்க். திருநெல்வேலியில் உணவுச் சிகிச்சை மையம் வைத்திருக்கும் தாரணி மேடம் அந்த நாலையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கோதுமை, மைதா, பால், தயிர், சர்க்கரை எதுவும் தொண்ணூறு நாளைக்குக் கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் திரும்ப முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். தொண்ணூறு நாள் தாண்டிய பிள்ளைகள் "அம்மா" என்று கூப்பிடும் வீடியோவைக் காட்டினார்கள். நான் ஆறு முறை பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கிளிட்டஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். இரும்புப் பெட்டியை உயரத்தில் தூக்குகிற மனுஷன் வீட்டில் குரலைத் தூக்க மாட்டார். இன்றைக்குத் தூக்கினார்.

"நாலு சாமானையும் நிறுத்திட்டா பிள்ள என்னத்தட்டி திங்கும்?"

"பசிச்சா தின்னுவா."

இது மேடம் சொன்ன வசனம். நானே கண்டுபிடித்த மாதிரிச் சொன்னேன்.

தொண்ணூறு நாள்தானே? பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன். 3ஆம் நாள்

உண்டது: தினைக் கஞ்சி, இரண்டு கரண்டி.
நடத்தை: அழுகை, நாள் முழுவதும்.
மீறல்: இல்லை.

தவக்காலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு தெருவே ஒருசந்தி இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு வேளைச் சோற்றை விட்டதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். என் மகளைப் போல ஒருசந்தி இருந்து காட்டட்டும்.

தினமும் நாலரை மணிக்குக் கிளிட்டஸ் முக்குக் கடையில் மூன்று பன் வாங்கிவருவார். அப்பனும் மகளும் அடுப்படி வாசலில் எதிரெதிரே உட்காருவார்கள். இவருக்கு டீ, அவளுக்குப் பால். மூன்று முறை முக்க வேண்டும். நாலாவது முறை முக்கினால் பன் உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிடும், அது அவளுக்குப் பிடிக்காது. முக்குவதற்கு முன் பன்னை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். எதையும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் தின்பாள்.

இன்று இவர் வெறுங்கையோடு வந்தார். அவள் காலி டம்ளரை வைத்துக்கொண்டு அதே வாசலில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். நான் மணியெல்லாம் பார்க்கவில்லை. தற்செயலாகத் தெரிந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு. 7ஆம் நாள்

உண்டது: சாமைச் சோறு, அரைக் கிண்ணம்.
நடத்தை: அழுகை இல்லை.
மீறல்: இல்லை.

மே மாதம் புதுநன்மை, பிள்ளைகள் கோயிலில் முதல் முறையாக நன்மை அப்பம் வாங்கும் நாள். ரோவினாவின் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் வாங்குகிறார்கள், இவளும் வாங்குவாள். கோயிலை ஒட்டிய மடத்தில் சிஸ்டர் எமிலியா வகுப்பு எடுக்கிறார்கள். சுற்றுப்பட்டுக் கோயில்களுக்கெல்லாம் நன்மை அப்பம் சுட்டுக் கொடுப்பதும் அந்த மடம்தான்.

"ஞாயிறும் புதனும் எங்கிட்ட விட்ரு ஜெசிந்தா. இவளுக்குத் தனியா நான் சொல்லிக் குடுக்கேன்."

"பிஸ்கட், சாக்லேட், கேக், மிட்டாய் ஒண்ணும் குடுத்துறக் கூடாது சிஸ்டர். டயட்ல இருக்கா."

"நான் எங்க போவேன் கேக்குக்கு? மடத்துல நாங்களே கஞ்சி குடிக்கோம்."

சாயங்காலம் சிரித்தாள். ஊஞ்சலில் ஆடினாள். சாமை வேலை செய்கிறது.

பிப்ரவரி 22, வியாழன். 11ஆம் நாள்

உண்டது: ஒன்றுமில்லை.
நடத்தை: தலையைச் சுவரில் முட்டினாள்.
மீறல்: இல்லை.

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 28, புதன். 17ஆம் நாள்

உண்டது: கேழ்வரகுத் தோசை, பாதி. பூசணி விதைப் பொடி.
நடத்தை: அழுகை இல்லை. என் மடியில் தானாக வந்து உட்கார்ந்தாள்.
மீறல்: இல்லை.

பூசணி விதை! மேடம் நேற்றுத்தான் சேர்க்கச் சொன்னார்கள், இன்றைக்கே பலன் தெரிகிறது. "பாத்தியளா?" என்று கிளிட்டஸிடம் கேட்டேன். "மடத்துக்குப் போன நாளு நல்லாத்தான் இருக்கா" என்றார். எனக்குக் கிடைக்க வேண்டிய பேரைத் தூக்கி மடத்துக்குக் கொடுக்கிறார், பாருங்கள்.

துவைக்கும்போது கவுன் பாக்கெட்டில் வெள்ளையாக ஏதோ கூழ் ஒட்டியிருந்தது. பேப்பரைக் கிழித்துப் போட்டிருக்கிறாள். சுரண்டி எடுப்பதற்குள் நகம் போயிற்று.

மார்ச் 8, வெள்ளி. 26ஆம் நாள்

உண்டது: கஞ்சி.
நடத்தை: கை கடித்தல். சோர்வு.
மீறல்: இல்லை.

எடை இருபத்து நாலிலிருந்து இருபத்திரண்டரை ஆகியிருக்கிறது. மேடத்துக்கு போன் போட்டேன். "நச்சு வெளியேறுதும்மா. பயப்படாதீங்க, நல்ல அறிகுறி" என்றார்கள். நான் பயப்படவில்லை. எடை மெஷின் பழசு, பேட்டரி மாற்ற வேண்டும்.

தினைத் தோசையைத் தட்டில் வைத்து, "சாப்பிடுறியா மக்ளே?" என்று கேட்டால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறாள். ஜெபமாலையில் புனிதர்கள் பெயர் சொல்லச் சொல்ல எல்லோரும் சொல்லும் பதில். அது மட்டும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் பதில். தினைத் தோசையைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் வருகிறது.

மார்ச் 16, சனி. 34ஆம் நாள்

உண்டது: சாமை இட்லி, ஒன்று.
நடத்தை: அமைதி.
மீறல்: இல்லை.

டெய்லர் கடையில் சண்டை. பிப்ரவரி முதல் வாரம் புதுநன்மைக்காக அளவு கொடுத்த வெள்ளைக் கவுன் தோளிலிருந்து வழுக்கி விழுகிறது. அந்த ஆள் ஊசி குத்திக்கொண்டே, "அளவு சரியாத்தாங்கா எடுத்தேன். பிள்ளதான்..." என்று இழுத்தார்.

"பிள்ளைக்கு என்ன? ஒனக்குக் கத்திரி பிடிக்கத் தெரியலன்னு சொல்லு."

ஆளுக்கு வேலை தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 20, புதன். 38ஆம் நாள்

உண்டது: சாமைச் சோறு, ஒரு கிண்ணம்.
நடத்தை: மிக நன்று.
மீறல்: இல்லை.

கிளிட்டஸ் இப்போது ஆறு மணிக்குத்தான் வருகிறார். ஓவர்டைம் என்கிறார். தெருக்குழாயில் வாய் கொப்பளித்து, சட்டையில் துணுக்கு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மார்ச் 28, பெரிய வியாழன். 46ஆம் நாள்

உண்டது: ஒன்றுமில்லை.
நடத்தை: திங்கள் முதல் அழுகை. கை புண்ணாகிவிட்டது.
மீறல்: இல்லை.

இந்த வாரம் முழுக்க நாசம். புனித வாரம் என்பதால் வகுப்புக்கும் லீவு. எங்கே தப்பு செய்தேன் என்று அடுப்படியைப் புரட்டிப் போட்டேன். பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள் என்று மேடம் சொன்னார்கள். டப்பாவைத் தூக்கி வீசினேன். புதுத் தோசைக்கல், புதுக் கரண்டி வாங்கினேன்.

"ஏட்டி, போதும் விட்ரு" என்றார் கிளிட்டஸ்.

"பாதிக்கிணறு தாண்டியாச்சு. விட மாட்டேன்."

"கெணத்துக்குள்ள கெடக்கது நீ இல்லட்டி. அவ."

புதுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினேன்.

ஏப்ரல் 3, புதன். 52ஆம் நாள்

உண்டது: கேழ்வரகுத் தோசை, ஒன்று.
நடத்தை: அழுகை இல்லை. பாட்டுக்குத் தலையாட்டினாள்.
மீறல்: இல்லை.

பெருங்காயம்தான்! பெருங்காயம்தான் அத்தனைக்கும் காரணம். மேடம் என் நோட்டின் படத்தைத் தாய்மார் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "நம்ம ரோவினாம்மாவைப் பாருங்கள், எழுபத்தாறு தாய்மாருக்கும் முன்மாதிரி" என்று எழுதியிருக்கிறார்கள். கை தட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கிளிட்டஸிடம் காட்டினேன். "சந்தோசம்" என்று சொல்லிவிட்டு ரோவினாவின் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். விரல்கள் சேர்ந்து, அதற்கு மேலும் இடம் இருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி. 61ஆம் நாள்

உண்டது: கஞ்சி, பாதி.
நடத்தை: சோர்வு.
மீறல்: இல்லை.

புதுநன்மை மே ஐந்து. எண்ணிப் பார்த்தேன், எண்பத்து நாலாவது நாள். நன்மை அப்பம் கோதுமை. இத்தனை நாள் என் மண்டையில் இது ஏறவே இல்லை. அது அப்பம், சாமி. அதைப் போய்க் கோதுமை என்று யார் நினைப்பார்கள்?

மேடம், "தள்ளிப் போடுங்க. ஒரு அப்பம் உள்ளே போனாலும் எண்பத்து மூணு நாளும் வீண்" என்றார்கள். நான் ஃபாதரிடம் போனேன். அரிசி மாவில் ஒன்று சுட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"அரிசில சுட்டா அது நன்மை ஆகாதும்மா. கோதுமைன்னு சட்டம்" என்றார். அதோடு விட்டாரா? "அதுவும் இல்லாம, தான் வாங்குறது என்னன்னு பிள்ளைக்குத் தெரியணும்ல. ஒரு வருசம் பொறுப்போமே."

"மத்த முப்பது பிள்ளைகளுக்கும் தெரியுமா ஃபாதர்? அதுக பாதி புது வாட்ச்சுக்கு வாங்குதுக. என் பிள்ள ஒருத்திதான் ரெண்டு மாசமா ஒருசந்தி இருந்து வாங்கப் போறா."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாப்போம்மா" என்றார்.

மேடம் ஒரு பக்கம் வேண்டாம் என்கிறார், ஃபாதர் ஒரு பக்கம் வேண்டாம் என்கிறார். இரண்டு பேரும் என் மகளைக் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லைதான்.

ஏப்ரல் 21, ஞாயிறு. 70ஆம் நாள்

மேல் மூன்று வரியை இன்று எழுதவில்லை.

நேற்றுத் துவைத்த கவுனில் மறுபடி அந்த வெள்ளைக் கூழ். இந்தத் தடவை கரையாத துண்டு ஒன்று மடிப்புக்குள் இருந்தது. பசியில் பேப்பரைத் தின்கிறாளோ என்று தோன்றியது. பசி என்ற வார்த்தையை இந்த நோட்டில் இப்போதுதான் எழுதுகிறேன். பூசை முடிந்ததும் மடத்துக்குள் புகுந்தேன்.

"சிஸ்டர், வகுப்புல பேப்பர் வேல குடுக்காதீங்க. திங்கா."

"பேப்பரா? இங்க ஏதும்மா பேப்பரு?"

அடுப்பறைக்குக் கூட்டிப்போனார்கள். மேசையில் தாள் மாதிரி மெல்லிய அப்பம் விரித்திருந்தது. வட்ட வட்டமாக வெட்டி எடுத்தபின் மிஞ்சிய ஓரத்துண்டுகள் ஒரு தட்டு நிறைய. அதன் முன்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, கறுக்கென்று கடித்தாள்.

"ஓரத்துண்டும்மா. வாரத்துல ரெண்டு நாளும் குடுக்கேன். அவ ஆசையா திங்கது இது ஒண்ணுதான்."

"சிஸ்டர்... இது கோதுமை."

சிஸ்டர் என்னைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், வாயில் கை வைத்துக்கொண்டார்கள். "நீ கேக்கு, பிஸ்கட்டுன்னுதான சொன்ன? இதப் போய் நான் சாப்பாடாவே நெனைக்கலியே, என் மாதாவே!"

சிஸ்டரை என்ன சொல்ல? சின்ன வயதில் இதே அடுப்பறை வாசலில் இந்தத் துண்டுகளுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கே தோன்றவில்லை.

அப்புறம் சிஸ்டர் இன்னொன்றைக் காட்டினார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு கைக்குட்டை மூடியிருந்தது. எடுத்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு முழு வட்டங்கள், வரிசையாக. "மொத நாளு, 'வட்டம் சாமிக்கு, ஓரம் ரோவினாவுக்கு'ன்னு ஒரு தடவதான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வட்டத்தத் தொட்டு வாயில வச்சதில்ல. தட்டுல தவறி வந்தா எடுத்து மூடி வச்சுருதா. பிள்ளைக்கு என்ன தெரியும்ங்காரே நம்ம ஃபாதர், அவர வரச் சொல்லு." சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். "ஆனா அதுதான் ஜெசிந்தா எனக்கு இப்ப பயமே. புதுநன்மை அன்னைக்குக் குடுக்கப் போறது வட்டம்லா?"

ஏப்ரல் 22, திங்கள்

நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

காலையில் இந்த நோட்டைக் கிளிட்டஸ் முன் வைத்தேன். அவர் பென்சில் எடுத்து, "அழுகை இல்லை" என்று இருந்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டார். ஞாயிறு, புதன். ஞாயிறு, புதன். வகுப்பு இல்லாத புனித வாரத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. சாமையும் பூசணி விதையும் பெருங்காயமும் நான் கட்டிய கோட்டை.

கோதுமை மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. பிடித்தது ஏதோ வயிற்றில் விழுந்த நாளில் பிள்ளை பிள்ளையாக இருந்திருக்கிறாள். நடத்தை, நடத்தை என்று எழுபது நாள் நான் எழுதியதெல்லாம் பசி. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், எழுபத்தாறு பேர் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருபது கிலோ எண்ணூறு கிராம். பேட்டரி எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. குழந்தை டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்த டயட்டால ஆட்டிசம் சரியாகும்னு நல்ல ஆதாரம் எதுவும் இல்லம்மா. மூணு கிலோ போச்சுங்கிறதுக்கு இந்தத் தராசே ஆதாரம். அவ சாப்பிடுறதையே முதல்ல குடுங்க. புதுசா ஒண்ணு வேணும்னா அது பக்கத்துல கொஞ்சமா வைங்க. வேற எதையும் பிடுங்காதீங்க" என்றார்.

தாரணி மேடமே போன் செய்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"அச்சச்சோ! பரவாயில்ல ரோவினாம்மா. நாளையிலருந்து திரும்ப முதல் நாள் போட்டுக்கலாம்."

"போட்டுக்கோங்க. ஆனா நீங்க சாப்பிடாம இருந்து போட்டுக்கோங்க. எழுபது நாளு. கையக் கடிக்கத் தோணும், கடிங்க. நான் நோட்டுல எழுதிக்கிடுதேன்."

வைத்துவிட்டேன். குழுவிலும் நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் மூன்று அம்மாக்கள் தனியாகக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேரும் முதலில் கேட்டது எடையைப் பற்றித்தான்.

நாலரைக்குக் கிளிட்டஸ் மூன்று பன்னோடு வந்தார். ஓவர்டைம் தீர்ந்துவிட்டதாம். ரோவினா அடுப்படி வாசலில் உட்கார்ந்து, பன்னைத் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு முக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கிளிட்டஸ் டீயை முன்னால் வைத்துக்கொண்டு அழுதார். அவர் பன் நாலாவது முக்கில் உடைந்து உள்ளே விழுந்தது. ரோவினா அவர் டம்ளரை எட்டிப் பார்த்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள்.

நானும் அழுதேன். எழுதிவைக்கிறேன், யாரும் பார்க்கப்போவதில்லை.

மே 3, வெள்ளி

இருபத்திரண்டு கிலோ. டெய்லர் கடைக்குப் போய், "அண்ணே, தப்பு என் மேலதான்" என்றேன். அவர் ஊசிகளை எடுத்துக்கொண்டே, "ஒண்ணொண்ணா எடுத்துருவோம்கா" என்றார்.

சிஸ்டர் ஃபாதரிடம் கைக்குட்டைக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தானே வந்து பார்த்தாராம். "சரி, கொண்டு வரச் சொல்லுங்க. வாங்கலன்னா அடுத்த வருசம்" என்றிருக்கிறார். இன்று ஒத்திகையில் ஐந்து முறை வட்டத்தை நீட்டினோம். ஐந்து முறையும் கைக்குட்டையால் மூடிவிட்டாள்.

மே 5, ஞாயிறு

கவுன் தோளில் நின்றது. தலையில் பூக்கிரீடம் பத்து நிமிடத்துக்குமேல் நிற்காது என்று தெரியும், ஏழு நிமிடம் நின்றது. முப்பது பிள்ளைகளும் வரிசையாகப் போனார்கள். கடைசியில் ரோவினா, பின்னால் நான். மைக்கில் பாட்டு, விசிறிச் சத்தம், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்று ஃபாதர் நீட்டினார். ஆமென் சொல்ல வேண்டும்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் ரோவினா.

முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஃபாதர் அவள் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அவள் அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தாள். முழு வட்டம். அப்படியே ஃபாதரிடம் திருப்பி நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுத்த வருடம் என்று அவர் சொல்வதற்கு ஒரு மூச்சு பாக்கி. எது யாருக்கு என்று என் மகளுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவள் வாங்கவில்லை. இதற்காக அவளை நான் திரும்பக் கூட்டிப்போவேனா? பாட்டு எந்த நேரத்தில் நின்றது என்று கவனிக்கவில்லை. என் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"ஒடச்சுக் குடுங்க ஃபாதர்! ஓரம் குடுங்க அவளுக்கு!"

பின்னால் ஒரே முணுமுணுப்பு. திரும்பி முறைத்தேன், அடங்கியது. ஃபாதர் அந்த அப்பத்தை இரண்டாக உடைத்து, உடைந்த பக்கம் அவளுக்குத் தெரிகிற மாதிரி நீட்டினார்.

அவள் அந்த ஓரத்தை உற்றுப் பார்த்தாள். வாங்கி வாயில் போட்டாள். மெல்லக் கூடாது என்று சிஸ்டர் நூறு முறை சொல்லியிருந்தார்கள். கறுக். மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஆமென்" என்றார் ஃபாதர், அவளுக்கும் சேர்த்து. மறு பாதியை என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசியாக ஒரு தடவை தாரணி மேடத்துக்குப் படம் அனுப்ப வேண்டும்.

உண்டது: நன்மை அப்பம், பாதி. பன் மூன்று. பால் இரண்டு டம்ளர். தயிர்சோறு.
நடத்தை: கோயிலில் அம்மா கத்தினாள். மகள் ஒழுங்காக இருந்தாள்.
மீறல்: ஆம்.